கேட்வேயில் கடற்படை பேண்டு

நெருளில் பிற்பகல் லோக்கல் பிடித்தேன். வாஷிப் பாலத்தில் உப்பங்கழிக் காற்று முகத்தில் அடித்தது. செம்பூரில் மல்லிகைச் சரத்தோடு தமிழும் பெட்டிக்குள் ஏறியது. மும்பை சிஎஸ்எம்டி நிலையத்தில் இறங்கி, கோட்டைப் பகுதித் தெருக்கள் வழியே கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு நடந்தேன்.

டிசம்பர் 4 கடற்படை நாள். 1971 போரில் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவு. அதையொட்டிக் கடற்படையினர் இங்கே ‘பீட்டிங் ரிட்ரீட்’ என்னும் மாலைநேர பேண்டு நிகழ்ச்சியை நடத்துகிறார்கள். ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்த இந்த வளைவு திறக்கப்பட்டதும் 1924-இல் அதே தேதியில்தான்.

அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு நாற்காலி. மற்றவர்களுக்குத் தடுப்புக்கு இப்பால் நிற்க இடம், காசு கிடையாது. வெள்ளைச் சீருடையில் பேண்டு அணிவகுத்து வந்தது. டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட், முரசு எல்லாம் திறந்த வெளிக்கென்றே பிறந்தவை. வயலின் ஒலியைக் கடற்காற்று கொண்டுபோய்விடும். இவற்றை அதனால் அசைக்க முடியாது.

பக்கத்தில் தாராவியிலிருந்து வந்த ஒரு குடும்பம். தோளில் இருந்த சிறுவன் கத்தினான்: “யப்பா, நம்மூர்க் கோயில் கொடைக்கு வார பேண்டு மாதிரியே இருக்கு!”

அவன் சொன்னது சரிதான். நமக்கு இந்த இசை புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருத சாகித்யம் இயற்றினார் முத்துசுவாமி தீட்சிதர். அவையே நோட்டுஸ்வரங்கள். அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டில் அமைந்தது. அரசனைப் போற்றிய மெட்டு அவர் கையில் அம்பாளுக்கு உரியதாயிற்று. அந்த அரசின் கடைசிப் படைப்பிரிவு 1948 பிப்ரவரி 28 அன்று இதே வளைவு வழியாகத்தான் வெளியேறியது. ஆட்சி கப்பலேறிவிட்டது, பேண்டு நம்மோடு தங்கிவிட்டது.

சூரியன் சாய்ந்ததும் பியூகிள் ஒலிக்க, கொடி இறங்கியது. தாஜ் ஹோட்டல் விருந்தினரும் கொலாபா டாக்ஸிக்காரரும் ஒன்றாக நிமிர்ந்து நின்றார்கள்.

அரங்கத்துக்குச் சீட்டு வாங்க வசதியில்லாதவர்களுக்கும் நல்ல இசையில் உரிமை உண்டு. வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், கரை இருக்கிறது, கேட்க இத்தனை காதுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு மாலை போதாது. எங்கள் நெருள் உப்பங்கழிக் கரையிலும் மாதம் ஒருமுறை இப்படி வாசிக்கட்டும். அதுவரை, டிசம்பர் தொடக்கத்தில் மும்பையில் இருப்பவர்கள் பிள்ளைகளோடு கேட்வேக்குப் போங்கள். கடைசி வரிசையில் நின்றாலும் நன்றாகவே கேட்கும்.