480 நாள்

தம்பி, ஒரகடத்தில் வேலை பார்த்துக்கொண்டே மனிதவள மேலாண்மையில் எம்.பி.ஏ. சேரலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். நேரம் இருக்குமா, கையில் பணம் நிற்குமா என்பதுதான் உன் கவலை. சேர். நேரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வேலையில் இருந்துகொண்டே படித்ததால் எனக்கு என்ன நேர்ந்தது என்பதை முதலில் கேள்.

1986-ல் அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். மஸ்டர் ரோல் எழுதுவது, ஓவர்டைம் கணக்குப் போடுவது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. படிவம் நிரப்புவது என் வேலை. மாதத்துக்கு ஒருமுறை மேனேஜர் ஒரு பட்டியல் கேட்பார். கேஷுவல் ஆட்களில் யாருக்கெல்லாம் 400 நாள் தாண்டியிருக்கிறது? எடுத்துக் கொடுப்பேன். அடுத்த வாரம் அந்தப் பெயர்களுக்கு நேரே ‘நின்றுவிட்டார்’ என்று சிவப்பு மையில் எழுதச் சொல்வார். எழுதுவேன். ‘பிரேக் கொடுப்பது’ என்று அதற்குப் பெயர். ஏன் 400 என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கூட்டல் தப்பில்லாமல் இருந்தால் என் வேலை சரி என்று நினைத்திருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து அஞ்சல்வழியில் எம்.ஏ. சேர்ந்தேன். பணியாளர் மேலாண்மை. ஒரு விடியற்காலை தொழிலாளர் சட்டப் பாடத்தைப் புரட்டும்போது தமிழ்நாட்டின் 1981-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று வந்தது. தொழில் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆகிவிடுவார் என்கிறது. புத்தகத்தில் நாலே வரி. பகல் கல்லூரியில் படிக்கும் பையனுக்கு அது இரண்டு மார்க் கேள்வி. எனக்கோ அந்த நாலு வரியைப் படித்ததும், நான் சிவப்பு மையில் எழுதிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அன்று காலை சாப்பிட முடியவில்லை.

மேலே படித்தேன். அந்த 480 நாளில் எதையெல்லாம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. லே-ஆஃப் நாள், சம்பளத்தோடு எடுத்த விடுப்பு, வேலையின்போது விபத்தில் காயம்பட்டு வராத நாள், பெண்களுக்கு மூன்று மாதம் வரை மகப்பேறு விடுப்பு, எல்லாம் சேரும். எங்கள் மஸ்டர் ரோலில் கேட்டுக்குள் வந்த நாளை மட்டும்தான் கூட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த மாதப் பட்டியலில் ஒருவருக்கு 442 நாள் என்று இருந்தது. பிரஸ்ஸில் வலது கை விரல் நசுங்கி 41 நாள் வீட்டில் கிடந்தவர். கூட்டினால் 483. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சட்டத்தின் பிரிவையும் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. அவர் ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பணி நிரந்தரம் ஆனார். அதற்கு முன்னால் நான் எழுதிய பெயர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்தக் கணக்கு இன்னும் என்னிடம் பாக்கியாகத்தான் இருக்கிறது.

உன்னைச் சேரச் சொல்வது இதற்காகத்தான். சம்பளம் உயரலாம், பதவி வரலாம். ஆனால் பாடத்தில் வரும் ஒவ்வொரு சட்டத்துக்கும் உன் ஆலையில் ஒரு ஆள் இருப்பார். அவரைத் தேடிப் பார்.

பிராஜெக்ட் செய்யும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இரு. நான் ‘வேலைக்கு வராமை’ என்ற தலைப்பை எடுத்து, எங்கள் ஆட்களிடமே கேள்வித்தாளை நீட்டினேன். எல்லோரும் ‘மிகவும் திருப்தி’ என்று டிக் அடித்துக் கொடுத்தார்கள். சம்பளம் பிடிக்கிற ஆபீஸிலிருந்து வந்த ஆளிடம் வேறு என்ன சொல்வார்கள்? கேள்வித்தாள்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு வருஷ மஸ்டர் ரோலை விரித்தேன். பொங்கலுக்குப் பிந்தைய வாரத்தில் கூட்டம் குறைவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜூன் முதல் வாரத்திலும் அப்படியே குறைந்திருந்தது. டீக்கடையில் கேட்டபோதுதான் புரிந்தது. பள்ளி திறக்கும் நேரம், சம்பளமோ ஏழாம் தேதி. பீஸுக்குக் கடன் தேடி அலைந்திருக்கிறார்கள். மே மாதக் கடைசியில் ஒரு முன்பணம் கொடுக்கலாம் என்று எழுதினேன். கொடுத்தார்கள்.

நேரம் என்று கேட்டாயே. ஷிப்ட் முடிந்து வந்து இரவில் படிப்பேன் என்று நம்பாதே, புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுவாய். காலை நாலரை முதல் ஆறு வரை உட்கார். வாரத்தில் ஐந்து நாள் முடிந்தால் போதும். ஈட்டிய விடுப்பைக் கல்யாணம், காதுகுத்து என்று கரைக்காமல் தேர்வுக்கு மிச்சம் வை. ஞாயிற்றுக்கிழமைகளில் காண்டாக்ட் கிளாஸ் இருக்கும் என்று வீட்டில் முதல் நாளே சொல்லிவிடு. என் மனைவி இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் இருந்தாள். பட்டத்தில் அவள் பெயர் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பார். தொலைநிலைப் படிப்பானாலும் ஆன்லைன் படிப்பானாலும், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை நடத்த யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் இணையதளத்திலேயே தேடு. விளம்பரத்தை நம்பாதே. அடுத்தது, 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றது. அந்தப் பதவிக்கு மாநில அரசு ஏற்றுக்கொண்ட படிப்பு இருக்க வேண்டும். அந்த நாற்காலி மேல் உனக்கு ஆசை இருந்தால், நீ சேரும் பட்டம் அந்தப் பட்டியலில் வருமா என்று விசாரி. இப்போது 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கிவிட்டார்கள். என் பழைய புத்தகங்களைக் கேட்காதே, புதியதை வாங்கு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தோடு வா. வரும்போது உங்கள் கம்பெனியின் நிலையாணைகளின் (ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்) பிரதி ஒன்றும் கொண்டு வா. கேட்டுப் பக்கத்தில் தமிழில் ஒட்டியிருக்கிறதா என்று பார். கண்ணாடிப் பெட்டியில் தூசி படிந்திருக்கும், துடைத்துவிட்டுப் படி.