அடுத்த வீட்டுச் சார்லி

சோக நாடகங்களைப் படிக்கும்போது கதாநாயகனுடைய வீழ்ச்சியில் மனம் லயித்துவிடுவது இயல்பே ஆயினும், அந்த வீழ்ச்சியைத் தடுப்பதற்கு வேண்டிய சாதனங்கள் யாவும் தன் கையில் இருந்தும் தடுக்க இயலாமல் பக்கத்திலேயே நின்று பார்க்கும்படி விதிக்கப்பட்ட ஒரு சிறு பாத்திரத்தின்மீதே இப்பொழுதெல்லாம் என் கவனம் அதிகமாகச் செல்லுகிறது. ஆர்தர் மில்லர் எழுதிய ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ என்ற நாடகத்தில் வரும் சார்லி அப்படிப்பட்டவன்.

1949ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 10ஆம் தேதி நியூயார்க் நகரத்து மொராஸ்கோ அரங்கில், ஈலியா கஸானின் இயக்கத்தில் இந்நாடகம் அரங்கேறிற்று, லீ ஜே. காப் வில்லி லோமனாக நடித்தார், ஹோவர்ட் ஸ்மித் சார்லியாக நடித்தார்; அவ்வருஷமே புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்து 63 வயதில் ஓய்ந்துபோன வில்லியின் கதையை அறியாத நாடகப் பிரியர்கள் இரார். ஆகையால் அதை விட்டு நேரே சார்லியிடம் வருகிறேன்.

அவனுடைய முதல் பிரவேசமே அவன் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறது. அர்த்தராத்திரியில் வில்லியின் வீட்டில் எழும் பேச்சுச் சத்தத்தைக் கேட்டு, படுக்கை உடுப்பின்மேல் ஓர் அங்கியைப் போட்டுக்கொண்டு, காலில் செருப்புடன் சார்லி அந்தச் சமையலறைக்குள் வந்து நிற்கிறான். வில்லியின் இளைய மகனைப் போய்ப் படுக்கும்படி ஜாடை காட்டிவிட்டுப் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுக்கிறான். நிலைகுலைந்த ஒருவனுக்கு அந்த நேரத்தில் தேவையானது உபதேசம் அன்று, கைக்கு ஒரு வேலையும் எதிரே ஒரு முகமுமே என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆட்டத்தின் நடுவே வேலை ஒன்று தருகிறேன் என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறான். வில்லிக்கு ரோஷம் பொங்குகிறது. சுத்தியும் உளியும் பிடிக்கத் தெரியாதவன் ஓர் ஆண்பிள்ளையா என்று ஏசுகிறான். இறந்துபோன தமையன் எதிரே நிற்பதாக எண்ணி அவனோடும் பேசிக்கொண்டே ஆடி, ஆட்டத்தையும் குழப்பிச் சண்டைக்கு வருகிறான். சார்லி மனம் நொந்து எழுந்து போய்விடுகிறான். அப்படி அவமானப்பட்டுப் போனவன்தான் மறுநாள் தன் காரியாலயத்தில் அதே வில்லிக்குப் பணம் எடுத்து வைக்கிறான்.

இந்தப் பணத்தைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். வில்லி வாரந்தோறும் சார்லியிடம் 50 டாலர் கடன் வாங்கிக்கொண்டு போய்த் தன் சம்பளம் என்று மனைவியிடம் கொடுக்கிறான். அவளும் உண்மையை அறிந்தும் அறியாதவள்போல் வாங்கிக்கொள்கிறாள். சார்லி கொடுக்க முன்வரும் வேலைக்கும் வாரச் சம்பளம் 50 டாலர்தான். வெளியூர் அலைச்சலும் கிடையாது. தொகை ஒன்றே, கொடுக்கும் கையும் ஒன்றே. ஆயினும் கடனாக வரும்போது வில்லியால் வாங்க முடிகிறது, கூலியாக வரும்போது வாங்க முடியவில்லை. கடன் என்பது நாளைக்கு வரப்போகும் ஐசுவரியத்தை நம்பி வாங்குவது. அதில் கனவுக்குப் பங்கம் இல்லை. சம்பளமோ, இத்தனை காலமும் தான் ஏளனம் செய்துவந்த அடுத்த வீட்டுக்காரன் ஜயித்தான், நான் தோற்றேன் என்று வாரத்துக்கொரு முறை கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமானம். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்திருப்பதாகவும் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் வில்லி சொல்லும்போது, அது வராத பணம் என்று தெரிந்தும் சார்லி அதைக் கடன் என்றே வைத்துக்கொள்கிறான். அன்றைய தினம் இன்ஷ்யூரன்ஸ் பிரீமியத்துக்காக 110 டாலர் வேண்டும் என்று வில்லி கேட்க, பொறாமையா உனக்கு என்று கோபித்துக்கொண்டே அதையும் எடுத்துக் கொடுக்கிறான். உபகாரம் செய்கிறவர்கள் உலகத்தில் அநேகர் உண்டு. வாங்குகிறவனுடைய பொய்யையும் சேர்த்துக் காப்பாற்றிக் கொடுப்பவர்கள் மிகச் சிலரே.

தன் நாடகங்களின் தொகுப்புக்கு 1957இல் எழுதிய முன்னுரையில், இந்நாடகத்தில் மிகவும் கண்ணியமான மனிதன் சார்லி என்னும் முதலாளியே என்று மில்லர் சுட்டிக்காட்டியிருக்கிறார். முதலாளித்துவத்தின்மீது தொடுத்த பாணமாக மட்டும் இந்நாடகத்தைக் கொள்ளுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. முப்பது வருஷங்களுக்கு மேல் உழைத்தவனை இரக்கமின்றி வெளியே அனுப்பும் இளைஞன் ஹோவர்டும் முதலாளி, கேட்கும்போதெல்லாம் கொடுக்கும் சார்லியும் முதலாளி. இருவரையும் ஒரே நாளில், ஒரே அங்கத்தில் வில்லி சந்திக்கிறான்.

ஆனால் சார்லியிடம் ஒரு குறை உண்டு என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். எதிலும் அளவுக்கு மீறிய பற்று வைக்காததே தன்னைக் காப்பாற்றியது என்கிற அவனுக்கு, பற்றினாலேயே அழிகிறவனுடைய மனம் எப்படி விளங்கும்? ஜனங்கள் பிரியம் வைப்பது மனிதனிடமா, அவனுடைய சட்டைப்பையிடமா என்று கேட்கிற லௌகிகன் அல்லவா அவன்? கடைசியில் வரும் மயானக் காட்சிதான் இந்த அபிப்பிராயத்தை எனக்கு மாற்றிற்று.

தேச முழுவதும் ஸ்நேகிதர்கள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டவனுடைய சவ அடக்கத்துக்கு, மனைவியையும் இரண்டு மகன்களையும் தவிர, சார்லியும் அவன் மகன் பெர்னார்டுமே வந்திருக்கிறார்கள். தகப்பனார் கண்ட கனவுகளெல்லாம் தவறானவை என்று மூத்த மகன் சொல்லுகிறான். அப்பொழுது வில்லிக்காக வாதாடுகிறவன் சார்லிதான். உறுதியான தரையில் கால் ஊன்றாமல், முகத்துச் சிரிப்பையும் மெருகேறிய செருப்பையும் மட்டும் நம்பி வாழ்கிற தொழில் அது, கனவில்லாமல் அதில் ஒருவன் நடமாட முடியாது, இவனைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை என்கிறான். ஆனால் அந்தப் பிரசித்தமான பேச்சைவிட, அதற்குச் சற்று முன்பு அவன் சொல்லும் ஒரு வாக்கியமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 35 வருஷங்களில் முதல் தடவையாகக் கடனெல்லாம் தீரும் சமயம், ஒரு சிறு சம்பளம் இருந்திருந்தால் போதுமே என்று வில்லியின் மனைவி லிண்டா அரற்றுகிறாள். சிறு சம்பளம் மட்டும் போதும் என்கிற மனிதன் எவனும் இல்லை என்று சார்லி பதில் சொல்லுகிறான். அந்தச் சிறு சம்பளத்தை எத்தனையோ தரம் நீட்டிப் பார்த்தவன் அவன்; அது மறுக்கப்பட்டதன் காரணத்தைக் கோபத்தோடும் ஆற்றாமையோடும் முழுவதும் உணர்ந்திருந்தவனும் அவனே. 1985இல் வெளிவந்த தொலைக்காட்சிப் படத்தில் சார்லஸ் டர்னிங் ஏற்ற இந்தப் பாத்திரத்தை இனி மேடையில் ஏற்கப்போகும் எந்த நடிகரும் அந்த வாக்கியத்தை ஞானியின் வாக்காக உரக்கச் சொல்லலாகாது என்பது என் ஆசை. லிண்டாவிடம் இத்தனை நாளும் சொல்லாமல் மறைத்த ஒரு செய்தியை இப்பொழுது சொல்லுகிறவன்போலவே அதைச் சொல்ல வேண்டும்.