எந்த சைற் நல்லது, மாமா?

அக்காவின் மகனுக்கு 19 வயது. மங்கரேயில எங்கட வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டு முடிய என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போக்கர் சுற்றுப்போட்டிக்கு எந்த சைற் நல்லது, மாமா?" என்று கேட்டான். நான் மாதத்தில ஒன்றிரண்டு தரம் சின்னக் காசுக்கு விளையாடுறனான் என்று அவனுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவவுக்கு அது சூது, அவ்வளவுதான். முன்னூற்றிநாலு விளையாடி வளர்ந்த வீடுதான் எங்களுடையது. ஆனால் அதில காசு வைக்கிறதில்லையே என்பா.

ஸ்கைசிற்றி கசினோவுக்குள் போக 20 வயது வேணும். ஒன்லைனில அந்தக் கதவு இல்லை. 2003ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இங்கேயிருந்து ஒன்லைனில நடத்த லொட்டோவுக்கும் ரீஏபிக்கும்தான் இடம் கொடுத்தது. வெளிநாட்டு சைற்றில நாங்கள் விளையாடுவது குற்றமில்லை. ஆனால் அங்கே காசு முடங்கினால் முறையிட இங்கே ஒரு கந்தோர் இல்லை.

ஆகவே பரிசுத்தொகையைப் பார்க்க முதல், போட்ட காசு எங்கே இருக்கு என்று பார் என்றேன். 2011 ஏப்ரல் 15ஆம் திகதி அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் நிறுவனங்களின் மேல் வழக்குப் போட்டது. போக்கர்ஸ்ரார்ஸ் அமெரிக்க ஆட்டக்காரரின் காசை விரைவில் திருப்பிக் கொடுத்தது. ஃபுல் ரில்ற் ஆட்டக்காரரின் காசைத் தனியாக வைக்கவே இல்லை. அப்சொலூட் போக்கரில விட்டவர்கள் 2017 வரை காத்திருந்தார்கள். உரிமம் கொடுத்தது யார், ஆட்டக்காரர் காசு தனிக் கணக்கிலா என்பது அதனால்தான் முதல் கேள்வி.

அடுத்தது கட்டணம். 22 டொலர் என்றால் 20 பரிசுக்கு, 2 சைற்றுக்கு. திரும்பத் திரும்ப நுழைய விடுகிற போட்டியில மூன்று தரம் திரும்ப நுழைந்தால் 22 என்று தொடங்கியது 88 ஆகிவிடும். பந்தயம் சில நிமிடத்துக்கொருக்கா ஏறுகிற வேகப்போட்டி அவசரக்காரருக்குப் பிடிக்கும். அதில சீட்டு விழுகிற விதம்தான் பேசும். நேரத்தையும் சொல்லவேணும். ஐரோப்பாவின் ஞாயிறு மாலைப் பெரிய போட்டிகள் எங்களுக்குத் திங்கள் விடிய. இவனுக்கு அன்றைக்குக் கம்பஸ்.

"இது திறமை விளையாட்டு, சென்னை ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு" என்றான். உண்மைதான், 2023 நவம்பரில றம்மியையும் போக்கரையும் அப்படித்தான் சொன்னது. 2025இல் இந்திய நாடாளுமன்றம் காசு வைக்கிற ஒன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்ததை அவன் சொல்லவில்லை. திறமை என்றே வைப்போம். அப்ப மேசையில உன்னைவிடத் திறமைசாலி இருந்தால் யாரின்ர காசு போகும்?

என்னைக் கேட்டால் பெரிய பயம் வேற. பல சைற்றுகளில போக்கருக்குப் பக்கத்திலயே கசினோ இருக்கும். எங்கட பப்புகளில இருக்கிற போக்கீஸ் மெஷின் மாதிரியானதுகள். தோற்ற எரிச்சலில ஒரு விரல் தட்டினால் போதும். கசினோவை மட்டும் பூட்டி வைக்க முடியுமா, மாதத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று கணக்கிலயே எல்லை வைக்க முடியுமா? இரண்டும் இல்லாத சைற்றை நான் தொடமாட்டன்.

சைற்றின் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு வா, பிறகு பார்ப்பம் என்றேன்.

இரண்டு நாளில அக்கா ஃபோன் எடுத்தா. பேசப்போறா என்றுதான் நினைச்சன். "இதுவரைக்கும் எவ்வளவு விட்டனி?" என்று மட்டும் கேட்டா. கொப்பியில எழுதி வைக்கிறனான். இந்த வருசம் 190 டொலர் நட்டம் என்றேன்.

"அந்தக் கொப்பியை அவனுக்குக் காட்டு" என்றா.