தகப்பன் என்ற சொல்

எங்கள் பாண்டிச்சேரி வீட்டில் அப்பாவை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவோம். அதில் மரியாதையைவிட பயம் அதிகம். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, இந்தோசீனப் போர் 1954-இல் முடிந்த பிறகு ஊர் திரும்பிய சொல்தா. பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வந்தது. குடியும் கூடவே வந்தது. ராத்திரி போதை ஏறினால் "கார்தாவூ!" என்று ஒரு கத்தல். பட்டாளத்தில் விறைப்பாக நிற்கச் சொல்லும் கட்டளை அது. நானும் தங்கையும் சுவரோரமாக நிற்க வேண்டும். அசைந்தால் பெல்ட். அம்மா அடுப்பங்கரையில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடம் பிரெஞ்சு மீடியம். காலையில் முதல் வேலை பரலோக மந்திரம், அதுவும் பிரெஞ்சில். 'நோத்ர் பேர்' என்று தொடங்கும். 'எங்கள் தகப்பனே' என்று அர்த்தம். அந்த நாளில் அதில் கடவுளை 'வூ' என்றே அழைத்தார்கள். நம் 'நீங்கள்' மாதிரி. 'கார்தாவூ'வின் கடைசியில் வரும் அதே 'வூ'. தகப்பனும் வூவும் சேர்ந்து வந்தால் எனக்குத் தொடை நடுங்கும். உதட்டை மட்டும் அசைப்பேன்.

1966-இல் பிரான்சில் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து இந்தச் செபத்துக்கு ஒரே வாசகத்தை ஏற்றுக்கொண்டார்கள். 'வூ' போய் 'த்யு' வந்தது, அதாவது 'நீ'. கடவுளை நீ என்பதா என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. தகப்பனை நீ என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் அல்லவா.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். தாம்பரத்தில் வாடகை வீடு, பீச் வரை மின்சார ரயில், ஃபைல், டிராஃப்ட் என்று முப்பத்தைந்து வருஷம். ஞாயிறு பூசை தமிழில். தமிழில் கடவுளை 'உம்' போட்டுப் பேசுகிறோம். நீயும் இல்லை, நீங்களும் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. அதனால் அந்தச் சொல்லில் யாருடைய குரலும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சொல்ல முடிந்தது. 'தந்தையே' வரும்போது மட்டும் தொண்டை அடைக்கும்.

அப்பா 1983-இல் இறந்தார். துக்கத்துக்கு வந்த ஒருவர் "மன்னிச்சுடுப்பா, எல்லாம் சரியாயிடும்" என்றார். இப்படிச் சொல்பவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அத்தனை வருஷத்துப் பெல்ட்டைப் பத்து நிமிஷத்தில் மறக்கச் சொல்கிறார்கள்.

எனக்கு உதவியது மாற்கு நற்செய்தி, 14-ஆம் அதிகாரம். ஒரு தவக்காலத்தில் ஆபீஸ் விட்டு ரயிலில் திரும்பும்போது படித்தேன். கெத்சமனித் தோட்டத்தில், பிடிபடப்போகும் அந்த ராத்திரியில், இயேசு கடவுளை 'அப்பா' என்று கூப்பிடுகிறார். அவர் பேசிய அரமேயச் சொல்லை மாற்கு தம் கிரேக்கத்தில் அப்படியே விட்டுவிட்டார். மற்ற நாட்டாருக்கு அதற்கு விளக்கம் வேண்டும். நமக்கு அது வீட்டுச் சொல்.

அது குழந்தையின் மழலை என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. ஜேம்ஸ் பார் என்ற பைபிள் அறிஞர் 1988-இல் ஒரு கட்டுரையில் அதை மறுத்தார், வளர்ந்தவர்களும் தகப்பனை அழைத்த சொல் அது என்று காட்டினார். இதைப் பிற்பாடு எங்கள் பாதர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்கு அது பெரிய ஆறுதல். குழந்தையாக மாறித்தான் கூப்பிட வேண்டும் என்றால் என்னால் முடியாது. அந்தக் குழந்தை சுவரோரம் நிற்கிறான். பெரிய ஆளாக, பயத்தோடு, 'இது எனக்கு வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டே கூப்பிடலாம். தோட்டத்தில் அவரும் அப்படித்தானே கூப்பிட்டார்.

அன்று ரயில் குரோம்பேட்டை தாண்டியதும் 'அப்பா' என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சத்தம் வெளியே வந்துவிட்டது போல. பக்கத்தில் இருந்தவர் "என்ன சார்?" என்றார்.

ஒவ்வொரு நவம்பர் 2-ஆம் தேதியும், கல்லறைத் திருநாளுக்கு, பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போகிறேன். உப்பளம் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, தமிழில் பரலோக மந்திரம் சொல்கிறேன். தடங்காமல் வருகிறது. தங்கை வருவதில்லை. வா என்று நான் அவளைக் கூப்பிடுவதும் இல்லை.