அடியில் இல்லாத பெயர்

எங்கள் நீர்வேலி வீட்டுப் பீங்கான் கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்தால் மூன்று விபரங்கள் தெரியும்: ஹோம்மேக்கர், ரிட்ஜ்வே, ஸ்ரபோர்ட்ஷயர். முதலாவது சித்திரத்தின் பெயர், அடுத்தது கம்பனி, கடைசி இங்கிலாந்தில் அது செய்யப்பட்ட மாவட்டம். வரைந்தவர் யாரென்று இல்லை. அவரைத் தேடித்தான் நான் வெளிக்கிட்டேன்.

வெள்ளைப் பீங்கானில் கறுப்புச் சித்திரம். விட்டுவிட்டு ஓடும் கைக்கோடுகளின் மேல் கதிரை, சோபா, மூன்றுகால் தாங்கியில் பூஞ்செடி, வளைந்த மேசை, விளக்கு, கரண்டி, முள்ளு. பூங்கொடியோ தங்கக் கரையோ கிடையாது. சின்ன வயதில் பெரியம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்பார். கதிரைக்கு வந்ததும் "சாய்மனைக் கதிரை!" என்று எல்லாப் பிள்ளைகளும் கத்துவோம். எங்கள் விறாந்தையில் கிடந்தது பிரம்பு பின்னியது, கேத்தலில் இருந்ததோ மெல்லிய கால்களில் நின்றது. ஆனாலும் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் பெரியப்பா. 1959இல் லண்டனுக்குப் படிக்கப் போய், 1962இல் கப்பலில் திரும்பினார். ரொறன்ரோவில் இருக்கும் மாமிதான் ஃபோனில் ஒரு தகவல் தந்தார்: "அது வூல்வேர்த்தில வாங்கினது, அண்ணா எனக்குச் சொன்னவர்." வூல்வேர்த் என்றால் அந்தக் காலத்தில் அங்கே சாதாரண சனம் சாமான் வாங்கிய கடை. கடையின் பெயரையும் கேத்தலின் அடியில் இருந்ததையும் சேர்த்துத் தேடியபோது ஆள் அகப்பட்டார்.

ஈனிட் சீனி. 1931இல் பிறந்தவர். ரிட்ஜ்வேயில் சம்பளத்துக்கு வேலை செய்த பெண். இந்தச் சித்திரத்தை 1956 அளவில் வரைந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அவர் வரைந்த தளபாடங்கள் கற்பனை இல்லை. நாங்கள் சாய்மனை என்று கத்திய கதிரை, றொபின் டே 1952இல் ஹில்லே கம்பனிக்காக வடிவமைத்தது. சோபா சுவீடன் இளவரசர் சிக்வார்ட் பேர்ணடொட்டின் வடிவம் என்கிறார்கள். அவற்றைக் காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் கோப்பையிலும் தட்டிலும் அவற்றை வாங்கினார்கள்.

அந்த ஆசைக்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் தொடங்கி 1952 வரை பிரித்தானியச் சந்தையில் வெறும் வெள்ளைப் பீங்கான்தான் விற்கலாம். சித்திரம் போட்டதெல்லாம் ஏற்றுமதிக்கு. தேயிலைப் பங்கீடு முடிந்ததும் அதே 1952 ஒக்ரோபரில்தான். பன்னிரண்டு வருடம் அளந்து குடித்த சனம் திரும்ப நிறையக் குடிக்கத் தொடங்கிய நேரம் அது. அந்தத் தேயிலையில் ஒரு பங்கு எங்கள் மலையகத்துக் கைகள் கிள்ளியது. 1948இன் சட்டம் குடியுரிமை இல்லாமல் ஆக்கிய சனத்தின் கைகள். இதை எழுதாமல் இந்தக் கேத்தலைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

விலை மலிவாக இருந்ததற்கு மறே கேர்வெக்ஸ் என்ற இயந்திரம் ஒரு காரணம். செதுக்கிய செப்புத் தகட்டில் இருந்து ஜெலற்றின் திண்டு ஒன்று மையை எடுத்துத் தட்டின்மேல் அப்படியே அழுத்திவிடும். ஆனால் அது தட்டுகளுக்கே தோதானது. கேத்தலின் உருண்ட வயிற்றில் சித்திரத்தைத் தாளில் அச்சிட்டுக் கையால் ஒட்டவேண்டும். ஹோம்மேக்கர் தட்டுகள் இன்றும் தாராளமாகக் கிடைக்க, கேத்தல்கள் அருமையாகவே அகப்படுகின்றன. இதை வாசித்தபிறகு எங்கள் கேத்தலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கைபிடிக்குக் கிட்ட, கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகும் ஒரு இடம் இருக்கிறது. ஒட்டிய யாரோ ஒரு தொழிலாளியின் கை அது.

1957இல் சித்திரம் வூல்வேர்த்தில் விற்பனைக்கு வந்தது. அதே வருடம் சீனி கலியாணம் முடித்து, வேலையை விட்டு, டெவனுக்குப் போய்விட்டார். அறுபதுகள் முழுவதும் தட்டுகள் விற்றன. சூசி கூப்பர், கிளறிஸ் கிளிஃப் போன்றவர்களின் பெயரை அடியில் அச்சிட்டு, அந்தப் பெயராலேயே விற்ற தொழில் அது. பெயர் போட இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சம்பளத்துக்கு வரைந்த இளம்பெண்ணின் பெயர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். எனக்கு இன்றும் இதில் கோபம் இருக்கிறது. 1997இல் சைமன் மொஸ் ஹோம்மேக்கர் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். லண்டன் விக்ரோறியா அல்பேர்ட் அருங்காட்சியகமும் ஹோம்மேக்கர் தட்டுகளைச் சேகரத்தில் வைத்திருக்கிறது. சீனி 2011இல் காலமானார். தன் பெயர் சொல்லப்படுவதைக் கேட்டுவிட்டே போனார் என்பது எனக்கு ஆறுதல்.

1995 ஒக்ரோபர் 30இல் யுத்தத்தால் எங்கள் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது பெரியம்மா கேத்தலைச் சாக்கில் சுற்றி, வாழைத்தோட்டத்துச் செம்மண்ணில் தாட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தார். கோப்பைகளை அலுமாரியிலேயே விட்டார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, கோப்பைகளும் இல்லை. மண்ணுக்குள் மூடி உடைந்திருந்தது, கேத்தல் முழுசாக வந்தது. இப்போது அதற்கு ஒரு சின்ன எவர்சில்வர் தட்டுத்தான் மூடி.

போன தைப்பொங்கலுக்குப் போனபோது சீனியின் கதையைப் பெரியம்மாவுக்குச் சொன்னேன். "வேலையை விட்டாப்பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆரும் காசு குடுத்தவையோ?" என்று கேட்டார். "மாதச் சம்பளத்துக்குத்தானே வரைஞ்சவ, பெரியம்மா" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

மெற்றோ என்று அழைக்கப்படும் இந்தக் கேத்தலின் வடிவத்தைச் செய்தவர் ரொம் ஆர்னோல்ட். அவரைப் பற்றி நான் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஈனிட் சீனி, ரொம் ஆர்னோல்ட், பெரியப்பா, பெரியம்மா என்று நாலு பெயரையும் ஒரு தாளில் எழுதி, அடுத்து இதை வைத்திருக்கப்போகும் மருமகளிடம் கொடுத்திருக்கிறேன். மலையகத்தில் கொழுந்து கிள்ளியவருக்கும் கைபிடிக்குக் கிட்டச் சித்திரம் ஒட்டியவருக்கும் அதில் இரண்டு வரி வெறுமையாக விட்டிருக்கிறது.