பொன் கரையாது

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று நண்பர்கள் கூடிப் பேசியபோது ஒருவர் கல்விச் சுற்றுலாவை எடுத்துக்கொண்டார். இன்னொருவர் விண்வெளியை எடுத்துக்கொண்டார். எனக்கு மிஞ்சியது நான் கெடுத்த ஒரு பொருளின் கதைதான்.

என் தந்தையார் ஆம்பூரில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். எவர்சில்வர் வந்த பிறகு வீடுகளில் இந்த வேலை ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆயினும் பிரியாணிச் செம்பு டேக்சாக்கள் இருக்கும்வரை எங்கள் துருத்திக்கும் வேலை இருக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வேதியியலில் இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, "அதுல ஈயத்தைப் பத்தி வருமா?" என்பதுதான்.

எங்களிடம் டேக்சா கொடுத்தனுப்பும் வீடுகளில் ஓய்வுபெற்ற உருது ஆசிரியர் ஒருவரின் வீடும் ஒன்று. ஊரார் அவரை முன்ஷி ஐயா என்பார்கள். சென்ற கோடையில் அவரே ஒரு கோணிச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே வட்டமான எஃகுக் கேடயம். குறுக்களவு ஒன்றரை அடி இருக்கும். முகப்பில் நான்கு குமிழ்கள். அவற்றின் ஆணிகள் பின்புறம் சென்று கைப்பிடிக்கான வளையங்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. எங்கும் துரு. அவருடைய பாட்டனார் ஹைதராபாத்திலிருந்து கொண்டுவந்ததாம்.

பாரசீகத்தில் இதற்குச் 'சிபர்' என்று பெயர். காஜார் மன்னர்கள் ஆண்ட 19-ஆம் நூற்றாண்டில் இத்தகைய கேடயங்கள் நிறையச் செய்யப்பட்டன. துப்பாக்கி வந்துவிட்ட காலம். கேடயத்தை நம்பி யாரும் போருக்குப் போகவில்லை. அரசவை ஆடம்பரத்துக்கும், கர்பலா நிகழ்ச்சியை நடித்துக்காட்டும் முகர்ரம் நாடகங்களுக்கும், விற்பனைக்குமாக அவற்றைச் செய்தார்கள். எஃகின் மேல் நுண்ணிய கீறல்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, பொன் கம்பியை அதன்மேல் வைத்துத் தட்டி அமர்த்துவார்கள். பற்றவைப்பு எதுவும் கிடையாது; கீறலின் பல்தான் பொன்னைப் பிடித்துக்கொள்ளும். கடைசி வாக்கியம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

விளிம்பைச் சுற்றியிருந்த எழுத்துகளை முன்ஷி ஐயா ஏற்கெனவே படித்திருந்தார். உடையவனை வாழ்த்தும் செய்யுள். வட்டமாக எழுதியதால் எது தொடக்கம் என்றே முதலில் தெரியவில்லையாம். விரலால் தொடையில் தாளம் தட்டிச் சந்தத்தையும் இயைபையும் வைத்துத்தான் தொடக்கத்தைப் பிடித்திருக்கிறார். துரு தின்ற ஓரிரு சொற்களையும் சந்தமே மீட்டுக் கொடுத்ததாம். அவர் எங்களிடம் வந்தது வேறொன்றுக்காக. ஒரு குமிழின் கீழே சிறிய நீள்வட்டத்தில், துருவுக்கு அடியில், பொன் மினுங்கியது.

"செஞ்சவன் பேரு அங்கதான் இருக்கும். அது செய்யுள் இல்லையே, ஊகிக்க முடியாது. எனக்கு எண்பதாகுது தம்பி. அதைப் படிச்சிட்டாப் போதும்" என்றார்.

அப்பா கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்புக்கு ஆசிட் ஆகாதுடா. கிருஷ்ணாயில்ல ஊறவெச்சு மூங்கில் குச்சியால மெதுவா எடு. பத்து நாள் ஆனாலும் ஆகட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

பத்து நாளா! முதலாண்டுத் தேர்வு எழுதி முடித்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. பொன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாது. அதைக் கரைக்க இராஜ திராவகம் வேண்டும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக். துருவோ அமிலத்தில் கரைந்துவிடும். ஆகவே அமிலத்தைத் தொட்டு வைத்தால் துரு போகும், பொன் நிற்கும். தேர்வில் இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். செம்பைத் துலக்க அப்பா வைத்திருந்த ஆசிட்டில் தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து, அந்த நீள்வட்டத்தின் நடுவில் வைத்தேன். நுரைத்தது. மகிழ்ச்சியோடு துடைத்தேன்.

பஞ்சைப் பார்த்தபோதுதான் அதில் பொடிப்பொடியாகப் பொன் ஒட்டியிருந்தது தெரிந்தது.

பொன் கரையவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்பு கரைந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்று மாலை அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போய்ச் சொல்லிட்டு வரலாம்" என்றார். முன்ஷி ஐயாவின் வாசலில் அப்பா கைகட்டி நின்ற நிலை இப்போதும் கண்முன் நிற்கிறது. "பையன் படிக்கிறவன், தெரியாம செஞ்சிட்டான்" என்றார். தெரிந்ததனால்தான் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்ஷி ஐயா பஞ்சை வாங்கிப் பார்த்தார். அதை ஒரு ஹோமியோபதி மருந்துக் குப்பியில் போட்டு மூடினார். கேடயத்தைத் திரும்ப எங்கள் கையிலேயே கொடுத்தார். "மிச்சத்தை அப்பா சொல்றபடி செய்" என்றார்.

விடுமுறை முடிந்ததும் எங்கள் வேதியியல் விரிவுரையாளர் ஒருவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைக் காப்பதற்கென்றே 1930-இல் வேதியியல் ஆய்வுக்கூடம் ஏற்பட்டதையும், டாக்டர் எஸ். பரமசிவன் அங்கே செய்த பணிகளையும் அவர் வாயிலாகத்தான் அறிந்தேன். இப்படியொரு துறை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. உடனே செய்யவேண்டியது என்ன என்றும் அவர் சொன்னார். அமிலம் விட்டுப்போன குளோரைடு குழிகளில் தங்கினால் துரு மீண்டும் மீண்டும் கிளம்பும். எனவே நீர்த்த காரக் கரைசலையும், பிறகு வாலைவடிநீரையும் சொட்டுக் குழாயால் விட்டுக் கழுவினோம். கழுவிய நீரில் நைட்ரிக் அமிலத் துளியும் சில்வர் நைட்ரேட்டும் விட்டால் வெண்மையாகத் திரண்டது. மறுபடி கழுவினோம். பதினோராவது முறைதான் நீர் தெளிவாக நின்றது. முகப்பில் மற்ற இடங்களுக்கு அப்பா சொன்ன மண்ணெண்ணெயும் மூங்கில் குச்சியுந்தான். விரிவுரையாளரும் அதையே சரி என்றார். அலங்காரமில்லாத பின்புறத்துக்கு மட்டும் கடுக்காய்ச் சாறு. அதிலுள்ள டானின் துருவோடு சேர்ந்து கறுத்துப் படியும். எங்களூர்த் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. பத்து நாளில் முடிய வேண்டியது இரண்டு மாதம் ஆனது.

பிறகு படிக்கும் வேலை. பாரசீக எழுத்தில் ப, த, ந முதலியவை சொல்லின் முதலிலும் இடையிலும் வரும்போது ஒரே சிறு பல்லாகத்தான் இருக்கும். மேலும் கீழும் இடும் புள்ளிகளே அவற்றைப் பிரித்துக் காட்டும். புள்ளி போனால் எழுத்துப் போயிற்று. (நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளியில்லாமல் எழுதிப் படிப்பவர்களைத் திண்டாட வைத்திருக்கிறார்கள் என்று தமிழ் வகுப்பில் கேட்டிருக்கிறேன்.) விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பொன் இருந்த தடம் நிழலாகத் தெரியும் என்று எண்ணினேன். கீறல்கள் மட்டுமே தெரிந்தன.

வலக்கோடியில் ஒரு சொல் தப்பியிருந்தது. "அமல்" என்று படித்தார் முன்ஷி ஐயா. நான் துள்ளிவிட்டேன். சட்டம் அமலுக்கு வந்தது என்கிறோமே, அதே சொல்! அரபியில் பிறந்து, பாரசீகத்தில் புழங்கி, ஜமாபந்தி, தாசில்தார் முதலிய சொற்களோடு சேர்ந்து நம் கச்சேரிகளுக்கும் வந்துவிட்டது. கேடயத்தில் அதற்கு 'வேலை' என்று பொருள், இன்னாருடைய வேலை. அந்த இன்னார் இருந்த இடந்தான் வெறுமை. இடக்கோடியில் ஒரு வளைவும் அதன்மேல் ஒரு புள்ளியும் உண்டு, அது 'ன்'. கீழே ஆண்டில் 12 மட்டும் நிற்கிறது, அடுத்த இரண்டு இலக்கங்கள் இல்லை. ஹிஜ்ரி 1200 முதல் 1299 வரை, அதாவது 1785-க்கும் 1882-க்கும் இடையில் எந்த ஆண்டாகவும் இருக்கலாம்.

"புகழ்பெற்ற பழைய பட்டறைக்காரர்களின் பெயரைப் பொய்யாகப் பொறிப்பதும் உண்டாம், அதுவும் அப்படி இருந்திருக்கலாம்" என்று விரிவுரையாளர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை.

அப்பா ஒருநாள், "என்னடா போட்டிருக்கு?" என்று கேட்டார். சொன்னேன்.

"பேரு?"

"அதுதாம்ப்பா போயிடுச்சு."

அவர் கையில் ஒரு டேக்சா இருந்தது. அடியில் உடையவரின் பெயரைப் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்தார்கள். அதை ஒருமுறை பார்த்துவிட்டு, நவச்சாரத்தை எடுத்துத் தூவினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முன்ஷி ஐயாவின் வீட்டுக்குப் போகிறேன். கேடயம் அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் அந்தக் குப்பி. ஹசன், ரஹ்மான், சுலைமான் என்று 'ன்'னில் முடியும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எஞ்சிய இடத்தில் அடங்குமா என்று நூல் வைத்து அளக்கிறோம். சென்ற வாரம் அவருக்கு ஒரு புதிய ஐயம் வந்துவிட்டது.

"கடைசிச் சொல் ஊர்ப் பேராவும் இருக்கலாமே தம்பி. இஸ்ஃபஹான், கிர்மான்... விளக்கை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி."

பிடித்தேன்.