இன்னொரு தட்டு

ஒவ்வோராண்டும் டிசம்பர் 25ஆம் தேதி காலை எட்டு மணிக்கெல்லாம் அடுத்த வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்துவிடும். மேலே பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணி. அதை விலக்கினால் இரண்டு துண்டு கேக், நாலு அச்சு முறுக்கு, ஓர் அதிரசம். முதன்முதலில் அதைக் கொண்டுவந்தவள் பாவாடை கட்டிய ஒரு சிறுமி. இப்போது அவளுடைய மகள் கொண்டுவருகிறாள். என் மனைவி அந்தத் தட்டை வெறுமனே திருப்பி அனுப்பமாட்டாள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்பினால்தான் அவளுக்கு மனம் கேட்கும்.

நெடுங்காலம் வரை கிறிஸ்துமஸ் என்றால் எனக்கு அந்தத் தட்டுதான். மற்றபடி வாழ்த்து அட்டைகளில் பார்த்த பனியும், மான் பூட்டிய வண்டியும். உலகம் முழுவதும் அன்றைக்குப் பனி பெய்யும் என்றுகூட நினைத்திருந்தேன். பின்னால்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். ஆஸ்திரேலியாவில் அது நடுக் கோடை, கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். எதியோப்பியாவில் பண்டிகை வருவது ஜனவரி 7ஆம் தேதி. ஜப்பானில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இருப்பாரோ என்னவோ, ஆனாலும் 1974இல் கென்டக்கி சிக்கன் கடைக்காரர்கள் செய்த விளம்பரத்தின் பலனாக அன்றிரவு பொரித்த கோழி தின்பது அங்கே ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. சம்பிரதாயங்கள் எல்லாம் வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும் என்பதில்லை.

தேதி வேறு, பலகாரம் வேறு, குளிரும் வெயிலும் வேறு. ஆனாலும் பல தேசத்து வழக்கங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது அவற்றில் ஒரு கதவு இருப்பது தெரிகிறது. அதற்குக் காரணம் மூலக் கதையிலேயே இருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளை அழைத்துக்கொண்டு சூசை பெத்லகேமுக்கு வருகிறார். சத்திரத்தில் இடமில்லை. குழந்தை பிறந்து, மாடுகளுக்குத் தீனி போடுகிற தொட்டியில் கிடத்தப்படுகிறது. இடமில்லை என்ற அந்த ஒரு சொல்லை அந்த ஜனங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக மறக்கவில்லை.

மெக்ஸிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் ஒரு வழக்கம் நடக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் மார்கழி பிறக்கிற நாள் அது. இங்கே விடியற்காலையில் பஜனை கோஷ்டி புறப்படுகிறது. அங்கே இரவில் ‘போசாதா’ தொடங்குகிறது. போசாதா என்றால் சத்திரம் என்று பொருள். ஒரு கூட்டம் மெழுகுவத்தி ஏந்தி ஒரு வீட்டின் வாசலில் நின்று, தங்க இடம் கேட்டுப் பாடும். உள்ளே இருப்பவர்கள், ‘இடமில்லை, போ’ என்று பாட்டிலேயே பதில் சொல்வார்கள். வெளியே இருப்பவர்கள் மறுபடியும் கெஞ்சுவார்கள். வந்திருப்பவர் யார் என்பது தெரிந்ததும் கதவு திறக்கும். பிறகு ஒரே கோலாகலம். சுடச்சுடப் பழச்சாறு, பலகாரம். குழந்தைகளுக்கோ, கண்ணைக் கட்டிக்கொண்டு தொங்குகிற பொம்மையைக் கம்பால் அடித்து உடைக்கிற விளையாட்டு. நம் உறியடிக்கு அண்ணனோ தம்பியோ!

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. இடம் கேட்கிறவர்களும் ஊரார், இடமில்லை என்கிறவர்களும் ஊராரே. கதவை மூடிய பாவத்தை அவர்கள் வேறு யார் தலையிலும் சுமத்தவில்லை. தாங்களே மாறி மாறி அந்த வேஷத்தைக் கட்டிக்கொள்கிறார்கள்.

அயர்லாந்தில் இதையே ஓசையில்லாமல் செய்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு ஜன்னலில் ஒரு விளக்கை ஏற்றி வைக்கிறார்கள். இடம் தேடி அலைகிற அந்தத் தம்பதிக்கும், வழிப்போக்கர் எவருக்கும், ‘இந்த வீட்டில் இடமுண்டு’ என்று அதற்குப் பொருள். 1990இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற மேரி ராபின்ஸன், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போன தம் ஜனங்களின் நினைவாக, மாளிகை ஜன்னலில் ஒரு விளக்கை எரியச் செய்தார். பாட்டி ஏற்றுகிற விளக்கை ஒரு தேசத்தின் தலைவி ஏற்றினாள். நல்ல வழக்கத்துக்கு அவ்வளவு வலு உண்டு.

இவையெல்லாம் நான் படித்தும் கேட்டும் அறிந்தவை. கண்ணால் கண்டது போலந்து தேசத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம் வார்சா நகரில் இருக்க நேர்ந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள். அப்படிக் கற்ற நண்பர் ஒருவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். அங்கே பெரிய பண்டிகை 25ஆம் தேதி அல்ல, 24ஆம் தேதி இரவுதான். ‘விகிலியா’ என்கிறார்கள். பகல் முழுவதும் சரியாகச் சாப்பிடாமல் இருந்து, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே மேஜையில் அமர்கிறார்கள். நண்பரின் பேரக் குழந்தைகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நட்சத்திரம் தேடிய காட்சி, கார்த்திகை விரதத்தன்று என் பாட்டி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்ததை நினைவூட்டிற்று.

மேஜை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். மாட்டுத் தொழுவத்தின் ஞாபகம். பன்னிரண்டு வகை உணவு. எதிலும் மாமிசம் கிடையாது என்று கேட்டதும் சைவனான எனக்கு உயிர் வந்தது. ஆனால் மீன் அவர்கள் கணக்கில் மாமிசம் அல்ல என்பது பிறகு தெரிந்தது! கெண்டை மீனை உயிரோடு வாங்கிவந்து குளியல் தொட்டியில் விட்டு வைப்பது அங்கே பழைய வழக்கமாம். சிறு வயதில் அந்த மீனுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சிவிட்டு, பண்டிகையன்று அழுததாக நண்பர் சொன்னார். பீட்ரூட் சூப்பும், கோதுமையும் தேனும் கசகசாவும் சேர்த்த ஒரு பாயசமும் என்னைக் காப்பாற்றின.

சாப்பிடுமுன் ஆளுக்கொரு மெல்லிய அப்பளம் போன்ற வெள்ளைத் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவருடையதிலிருந்து ஒருவர் விண்டு தின்று வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். சண்டை போட்டிருந்தவர்களும் அன்றைக்கு விண்டுகொள்ள வேண்டும். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

பிறகு எல்லோரும் அமர்ந்தோம். மேஜைக் கோடியில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எதிரே தட்டும் கரண்டியும் கண்ணாடித் தம்ளரும் ஒழுங்காக வைத்திருந்தன. அதுதான் எனக்கு என்று நினைத்து அங்கே போய் நாற்காலியை இழுத்தேன். நண்பரின் தாயார், எண்பது வயதுக் கிழவி, சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து வேறோர் இடத்தில் உட்கார வைத்தாள். ஏதோ சொன்னாள். நண்பர் தமிழில் சொன்னார்:

“உங்கள் இடம் இது. நீங்கள் எங்களுக்குத் தெரிந்தவர், நாங்கள் அழைத்து வந்தவர். அந்தத் தட்டு, அழைக்காமல் வருகிறவருக்கு.”

நான் ஒன்றும் பேசவில்லை. விருந்தோம்பலைப் பற்றி மேடைகளில் பேசியவன் நான். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வைத்தார் என்பேன். குறுந்தொகையில் நன்னாகையார் பாட்டு ஒன்று உண்டு. மாலை நேரத்தில் வாயிற்கதவை அடைக்குமுன், உள்ளே வரவேண்டியவர் இன்னும் யாரேனும் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு அடைக்கிற வழக்கம் அதில் வருகிறது. அதையும் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அழைத்தவருக்குப் போடுகிற சாப்பாடு வேறு, அழைக்காமல் வருகிறவருக்கு எடுத்து வைக்கிற தட்டு வேறு என்பது அந்தக் கிழவி என் கையைப் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

“யாராவது வந்ததுண்டா?” என்று நண்பரிடம் கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்தபோது லட்சக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் எல்லை தாண்டி வந்தார்கள். போலந்து ஜனங்கள் தங்கள் வீடுகளைத் திறந்துவிட்டார்கள். நண்பர் வீட்டிலும் ஒரு தாயும் மகளும் பல மாதங்கள் இருந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. ஆனால் அதோடு நிறுத்தாமல் அதற்கு முந்திய ஆண்டின் கதையையும் சொன்னார். 2021இல் பெலாரஸ் எல்லைக் காட்டில் இராக்கிலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துக் காவலர் அந்தப் பக்கம் தள்ள, அந்தப் பக்கத்துக் காவலர் இந்தப் பக்கம் தள்ள, குளிரில் சிலர் செத்தே போனார்கள். எல்லையோரக் கிராமங்களில் சிலர் ஜன்னலில் பச்சை விளக்கு ஏற்றினார்கள். ‘இங்கே வந்தால் உணவும் கணப்பும் கிடைக்கும்’ என்பது அதன் பொருள்.

“அந்த டிசம்பரிலும் நாடு முழுவதும் இந்தத் தட்டை வைத்தோம். பச்சை விளக்கு எரிந்தது சில வீடுகளில்தான்” என்றார் நண்பர்.

அவர் தம் நாட்டைப் பற்றிச் சொன்னார். எனக்கோ என் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. மறுநாள் காலை பத்திரிகைக்குத் தொடர்கதை அத்தியாயம் கொடுத்தாக வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் கதவு தட்டும் ஓசை. “தம்பி, தம்பி” என்ற குரலிலிருந்தே தெரிந்துவிட்டது, எங்கள் ஊர்ப் பெரியவர். நல்ல மனிதர், ஆனால் உட்கார்ந்தால் பேச்சை முடிக்கமாட்டார். நான் மேஜை விளக்கை அணைத்தேன். எழுந்திருக்கப் போன மனைவியைக் கையமர்த்தினேன். மூன்று முறை தட்டினார். “தூங்கிட்டாங்க போல” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு போய்விட்டார். காலையில் வாசலில் ஒரு மஞ்சள் பை இருந்தது, நிறைய வேர்க்கடலை. நாலு நாள் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. ‘ரயில் தவறிவிட்டது. தம்பி வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்று வந்தேன். தூங்குகிறவர்களை எழுப்ப மனம் வரவில்லை. எழும்பூர் ஸ்டேஷனிலேயே படுத்துக்கொண்டேன். கடலையை அவித்துத் தின்னவும்.’ அதற்குப் பிறகு அவர் சென்னைக்கு வரவே இல்லை.

அன்று எழுதிய அத்தியாயத்தில் என்ன இருந்தது என்பது எனக்கு இப்போது நினைவில்லை.

வார்சாவில் அன்றிரவு யாரும் கதவைத் தட்டவில்லை. காலித் தட்டு அப்படியே இருந்தது. சாப்பாடு முடிந்ததும் கிழவி அதை மற்றத் தட்டுகளோடு சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

ஊர் திரும்பிய பிறகு நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். இரவு பத்து மணிக்கு மேல் கதவு தட்டுகிற ஓசை கேட்டால் எனக்கு இன்றும் முதலில் வருவது எரிச்சல்தான். அதற்குப் பிறகு எழுந்து போய்த் திறக்கிறேன். பெரும்பாலும் வீடு தவறி வந்தவர்களாக இருக்கிறார்கள். வழி சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறேன்.